ஊசியும் ஊரடங்கும்: சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு தொற்றுக்காலம்

தொற்றுநோய்க் காலக் கட்டுப்பாடுகளை மக்கள் எப்போது ஏற்கிறார்கள், எப்போது நழுவுகிறார்கள், தடுப்பூசிக்கு யார் கையை நீட்டுகிறார்கள், யார் தயங்குகிறார்கள் என்று பார்க்கச் சென்னையின் மேற்குப் புறநகர் பொருத்தமான இடம். அம்பத்தூரில் தொழிற்பேட்டை, ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள், முத்தாபுதுப்பேட்டையை ஒட்டி விமானப்படைத் தளம், பூந்தமல்லிக்கு அப்பால் வயலும் மனைப்பிரிவும் கலந்த கிராமங்கள் என இந்த வட்டாரம் பல வகைப் பிழைப்புகளை ஒரே தெருவில் வைத்திருக்கிறது. மாதச் சம்பளக்காரர், ஒப்பந்தத் தொழிலாளி, தினக்கூலி, ஓய்வுபெற்ற படைவீரர், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து அறை எடுத்துத் தங்கியவர் என எல்லாருக்கும் ஒரே ஊரடங்குதான் வந்தது. அது ஒவ்வொருவர் வீட்டிலும் வேறு வேறு எடையோடு இறங்கியது. இவற்றுக்கு மேலாக, திருவள்ளூர் வட்டாரத்துக்குத் தடுப்பூசியோடு நெடுநாள் பழக்கம் உண்டு. அதில் கசப்பும் கலந்திருக்கிறது. 2021இல் ஒரு பாட்டி ‘எனக்கு ஊசி வேண்டாம்’ என்று சொன்னதைப் புரிந்துகொள்ள 2008க்கும், அதற்கு முன் 1968க்கும் 1955க்கும் போய்வர வேண்டியிருக்கிறது.

கட்டுப்பாடு இந்த ஊர்களுக்குப் புதிது என்று சொல்ல முடியாது. அம்மை கண்ட வீட்டில் இன்றும் வாசலில் வேப்பிலைக் கொத்து செருகுகிறார்கள். அடுப்பில் தாளிப்பு நிற்கும், மீனும் கறியும் வராது. வெளியாட்கள் உள்ளே வரமாட்டார்கள், வீட்டிலிருப்போர் கல்யாணம் காதுகுத்துக்குப் போகமாட்டார்கள். நோயாளிக்குத் தனிப் பாய், தனித் தட்டு. முத்து இறங்கியதும் நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்று தண்ணீர் முடிந்த பிறகே வீடு பழைய நிலைக்குத் திரும்பும். தொற்றியல் பாடநூல் சொல்லும் வீட்டுத் தனிமையின் பெரும்பகுதி இதில் அடங்கியிருக்கிறது. காவலர் இல்லை, அபராதம் இல்லை, இருந்தும் மீறுவோர் குறைவு. காரணம் எளிது. விதிக்கு ஒரு முடிவுநாள் உண்டு, விதிப்பவர் வீட்டுப் பெரியவர், கட்டுப்படுவதால் யாருக்கும் அவமானம் இல்லை. அம்மா வந்திருக்கிறாள் என்பது மரியாதைக்குரிய செய்தி. திருவேற்காட்டுக் கருமாரியம்மன் கோயிலுக்கு ஆடியில் திரளும் கூட்டத்தில் பலர் இப்படியொரு வீட்டில் வளர்ந்தவர்கள். இந்த முறையை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்ட சுகாதாரப் பிரசாரம் தன் கையிலிருந்த நல்ல கருவி ஒன்றைத் தவறவிட்டது. மறுபக்கமும் உண்மை: அம்மை தெய்வத்தின் வருகை என்று நம்பிய காலத்தில், ஊசி குத்துவது அவளை எதிர்ப்பதாகப் பட்டது. பெரியம்மைக்கு எதிரான வேலை அந்த அச்சத்தோடு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் போராடியது.

அரசு விதித்த கட்டுப்பாடு வேறு வழியாக வந்தது. பம்பாயில் பிளேக் பரவியபோது 1897இல் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. அதையொட்டிச் சென்னை மாகாணத்தில், நோய் பரவிய பகுதிகளிலிருந்து ரயிலில் வந்தவர்களுக்குப் பிளேக் பாஸ்போர்ட் என்ற சீட்டு கொடுத்து, போய்ச் சேர்ந்த ஊரில் நாள்தோறும் பரிசோதனைக்கு முகம் காட்டச் சொன்னார்கள். 2020இல் வந்த இ-பாஸ் அதன் பேரப்பிள்ளை. அந்தக் காலத்தில் மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங்கின் பெயரைத் தாங்கிய கிண்டி கிங் நிலையம் 1899இல் தொடங்கப்பட்டபோது, அதன் முதன்மை வேலை அம்மைப்பால் தயாரிப்பதுதான். 1939இல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. எண்பது ஆண்டுக்குப் பின்னும் முகக்கவச அபராதம் அந்தச் சட்டத்தின் பெயரில்தான் விதிக்கப்பட்டது.

தடுப்பூசிக்கு எதிரான குரல் படிக்காதவர்களிடமிருந்து மட்டும் வரும் என்ற எண்ணத்தை 1955 உடைக்கிறது. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை நாடெங்கும் குழந்தைகளுக்குப் போடும் இயக்கம் அப்போது நடந்துகொண்டிருந்தது. அந்த ஊசிமருந்துக்கான ஆய்வகம் 1948 முதல் கிண்டியிலேயே இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுவரை முதலமைச்சராக இருந்த ராஜாஜி, இந்த இயக்கத்தை எதிர்த்துத் தனி நூலே வெளியிட்டார். பயன் உறுதியாக நிரூபிக்கப்படாத ஒன்றை, உயிருள்ள கிருமியை, பள்ளிப் பிள்ளைகள் எல்லார் உடம்பிலும் மொத்தமாக ஏற்றலாமா என்பது அவருடைய கேள்வி. நடுவண் அரசு மறுத்தது, இயக்கம் தொடர்ந்தது. ஆனால் கேள்வி அங்கேயே நின்றது. அதற்கு விடை தேடிய பரிசோதனை, திருவள்ளூரை மையமாக வைத்து அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் நடந்தது.

1968இல் தொடங்கிய அந்தச் செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு, உலகில் அதுவரை நடந்த தடுப்பூசிப் பரிசோதனைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 209 கிராமங்களையும் சில நகரப் பகுதிகளையும் சேர்ந்த 3,66,625 பேர் பதிவுசெய்யப்பட்டார்கள். அவர்களில் 2,81,161 பேருக்குப் பி.சி.ஜி. ஊசியோ, மருந்தற்ற போலி ஊசியோ போடப்பட்டது. எது எவருக்கு என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பதிவானோரில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் கையை நீட்டியிருக்கிறார்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு ஆய்வுக் குழுவினர் அந்தக் கிராமங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி வாங்கினார்கள். ஏழரை ஆண்டு முடிவு 1979இல் வெளிவந்தபோது மருத்துவ உலகம் திகைத்தது. பெரியவர்களுக்கு நுரையீரலில் வரும் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. பதினைந்தாண்டு முடிவும் அதையே உறுதிசெய்தது. கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காப்பதற்காக அந்த ஊசி இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது. அதில் பயன் உண்டு. ராஜாஜியின் வாதம் முழுதும் சரியாகிவிடவில்லை, ஆனால் அவர் கேட்டது கேட்கத் தகுந்த கேள்வி என்பதைத் திருவள்ளூர்க் கிராமங்கள் காட்டின. ஐயம் எழுப்புவோரை எல்லாம் அறிவியலின் எதிரிகளாகப் பட்டியலிடுவோர் இந்த வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

அதே வட்டாரத்தில் 2008 ஏப்ரல் 23 அன்று தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. திருவள்ளூரின் சிற்றூர்களில் நடந்த அந்தச் சாவுகள் மாநிலம் முழுக்க அம்மாக்களை நடுங்கவைத்தன. அதே ஆண்டு ஜனவரியில், கிண்டி, குன்னூர், கசௌலி ஆகிய மூன்று ஊர்களிலிருந்த அரசுத் தடுப்பூசி நிறுவனங்களின் தயாரிப்பு உரிமம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது; அரசு மருந்துக்கு என்ன ஆயிற்று என்ற பேச்சு அப்போதே காற்றில் இருந்தது. குழந்தைகள் இறந்த பின் தமிழக அரசு ஒரு முடிவு எடுத்தது. செவிலியர் ஊருக்குள் வந்து அங்கன்வாடியிலோ திண்ணையிலோ ஊசி போடும் வழக்கம் நின்றது; ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்றானது. மருத்துவர் பக்கத்தில் இருந்தால் ஒவ்வாமை வந்தாலும் காப்பாற்றலாம் என்ற நோக்கம் நியாயமானது. விளைவு வேறாக இருந்தது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளும் பெற்ற குழந்தைகள் 2005-06இல் 80.9 விழுக்காடு, 2015-16இல் 69.7 விழுக்காடு. பத்தாண்டுகளில் பதினொரு புள்ளிச் சரிவு. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம், ஆனால் ஊசி ஊரைவிட்டு விலகிப்போனது அவற்றில் முக்கியமானது என்றே பலரும் கருதினர். அம்மாக்கள் தடுப்பூசியை மறுக்கவில்லை. அன்றைய கூலியை விட்டு, பேருந்து பிடித்து, பகல் முழுக்க வரிசையில் நிற்க அவர்களால் முடியவில்லை. கணக்கெடுப்பில் இந்த இரண்டும் ஒரே கட்டத்தில் விழுகின்றன. 2019-21 கணக்கெடுப்பில் அளவு மீண்டும் 89 விழுக்காட்டைத் தாண்டியது.

வாட்ஸப் வழியாக வந்த முதல் பெரிய கலக்கம் 2017 பிப்ரவரியில். தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான ஊசியை ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட எல்லாருக்கும் போடும் இயக்கம் பிப்ரவரி 6 அன்று தொடங்கியது. பள்ளியில் ஊசி என்றதும் பெற்றோர் பிள்ளைகளை வீட்டில் நிறுத்தினார்கள். இது பரிசோதனை மருந்து, வெளிநாட்டுச் சதி, மலட்டுத்தன்மை வரும் என்று குரல்பதிவுகள் சுற்றின. அரசு இயக்கத்தின் கெடுவை நீட்டவேண்டி வந்தது. அப்போதும் சாதாரணப் பெற்றோரின் கேள்வி மிகச் சிறியதாக இருந்தது: ‘என் பிள்ளைக்கு ஏற்கெனவே போட்டாச்சே, மறுபடி எதுக்கு?’ இதற்குப் பள்ளியிலேயே யாராவது உட்கார்ந்து பதில் சொல்லியிருந்தால் பாதிக் கலக்கம் அடங்கியிருக்கும். பள்ளிகளுக்குப் போனது சுற்றறிக்கை.

இவ்வளவையும் நினைவில் வைத்திருந்த மாவட்டத்துக்குத்தான் 2020இல் கொரோனா வந்தது. மார்ச் 7 அன்று தமிழகத்தின் முதல் நோயாளி அறிவிக்கப்பட்டார். மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு மாநிலம் அடைபட்டது. அடுத்த நாள் நாடே அடைபட்டது. மேற்குப் புறநகரில் முதல் குழப்பம் நோயைப் பற்றியதாக இல்லை, எல்லையைப் பற்றியதாக இருந்தது. ஆவடியும் முத்தாபுதுப்பேட்டையும் வருவாய்க் கணக்கில் திருவள்ளூர் மாவட்டம்; உள்ளாட்சிக் கணக்கில் 2019இல் உருவான ஆவடி மாநகராட்சி; காவல் கணக்கில் அப்போது சென்னை. அம்பத்தூரோ 2018 முதல் சென்னை மாவட்டம். ஓர் ஆணை மாவட்டத்தைச் சொல்லும், அடுத்தது காவல் எல்லையைச் சொல்லும், மூன்றாவது மாநகராட்சியைச் சொல்லும். பட்டாபிராமில் இருப்பவர் அம்பத்தூரில் வேலைக்குப் போக எந்தத் தளர்வு தமக்குப் பொருந்தும் என்று செய்தித்தாளைப் படித்து முடிவுசெய்ய முடியாது. சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் சொல்வதே அன்றைய சட்டம். பக்கத்துத் தெருவுக்குப் பொருந்தாத விதி தமக்கு மட்டும் பொருந்துகிறது என்று நினைப்பவர் அதை நோய்த்தடுப்பாகப் பார்ப்பதில்லை, கெடுபிடியாகப் பார்க்கிறார்.

மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாகத் தொற்று பல மாவட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. காய்கறி மொத்த வியாபாரம் பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கும், பூவும் பழமும் மாதவரத்துக்கும் போயின. திருமழிசையில் திறந்த வெளியில் கொட்டகை போட்டார்கள். மழை பெய்தால் சேறு, லாரி திரும்ப இடமில்லை, சுமை தூக்குவோர் இரவெல்லாம் நின்றார்கள். செப்டம்பர் 28 அன்று கோயம்பேடு திறக்கும்வரை ஏறத்தாழ நான்கரை மாதம் இப்படி ஓடியது. இந்தப் பக்கத்து மக்களுக்குக் கொரோனா முதலில் ‘கோயம்பேட்டு நோய்’ ஆகத்தான் அறிமுகமானது. அதன் விளைவாகத் தள்ளுவண்டியில் காய் விற்பவர் சந்தேகத்துக்குரியவரானார். காய் இல்லாமல் யாரும் இருக்க முடியாததால், அதே வண்டியைத் தெருமுனையில் நிறுத்தச் சொல்லி, பையைக் கயிற்றில் இறக்கி, நோட்டைத் தட்டில் வைத்து வாங்கினார்கள். கிடைத்த வசதிக்கேற்ப அச்சத்தை அளந்து செலவிடும் வழக்கம் இப்படித்தான் உருவானது.

தொழிற்பேட்டையின் கதை இன்னும் கறாரானது. அம்பத்தூர், கிண்டி உட்பட்ட தொழிற்பேட்டைகள் மே 25 முதல் நான்கில் ஒரு பங்கு ஆட்களோடு இயங்க அனுமதி வந்தது. தடைசெய்யப்பட்ட பகுதியிலிருந்து யாரும் வரக் கூடாது. நோய் கண்ட வீட்டின் வாசலில் தகரம் அடித்துத் தெருவையே அடைத்த நாட்கள் அவை. தகரம் விழுந்தால் வேலை போகும். ஆகவே காய்ச்சல் வந்தவர் ‘ஸ்வாப்’ கொடுக்கப் போகாமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு படுத்தார். வேப்பிலை செருகிய வீட்டுக்குக் கிடைக்கும் மரியாதை தகரம் அடித்த வீட்டுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிவாரணமாக ரேஷன் கடையில் கொடுத்த 1,000 ரூபாய், வாடகையும் தவணையும் கட்டுபவருக்கு ஒரு வாரத்துக்குக்கூடப் போதாது. புறநகர் மின்ரயில் பொதுமக்களுக்குத் திறக்க ஆண்டுக் கடைசி ஆனது. அதுவரை ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கும் கிண்டிக்கும் பங்கு ஆட்டோவிலும் இருசக்கர வண்டியிலும் போனவர்கள், ரயிலில் போயிருந்தால் இருந்திருக்கும் இடைவெளியைவிடக் குறைவான இடைவெளியில் நெருக்கிக்கொண்டு போனார்கள். ஆவடியின் படைத்துறை உடைத் தொழிற்சாலையில் அதே வேளையில் மருத்துவர்களுக்கான முழுவுடல் கவச உடையும் முகக்கவசமும் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஊரில் ஒருவருக்கு அத்தியாவசியப் பணி என்ற அட்டை இருந்தது, அடுத்த வீட்டுக்காரருக்கு இல்லை.

ஏற்றத்தாழ்வு கண்ணில் பட்டால் கட்டுப்பாட்டின் மேல் மதிப்பு போய்விடும் என்பதற்கு டாஸ்மாக்கைவிட நல்ல சான்று வேண்டாம். மே 7 அன்று சென்னைக் காவல் எல்லைக்கு வெளியே மதுக்கடைகள் திறந்தன, மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை விதித்தது. சென்னை எல்லைக்குள் கடை திறந்தது ஆகஸ்ட் 18. பெரிய கோயில்கள் திறந்தது செப்டம்பர் 1. ஆடி முழுதும் அம்மனைப் பார்க்க முடியாதவர்கள், ஆவணி பிறந்த கையோடு மதுக்கடை வாசலில் வட்டம் போட்ட வரிசையைப் பார்த்தார்கள். மாநில வருவாய் பற்றிய விளக்கத்தில் நியாயம் இருக்கலாம். கூழ் ஊற்ற முடியாமல் போன தெருவில் அது எடுபடவில்லை. அதன் பிறகு முகக்கவசம் தாடைக்கு இறங்கியது. செப்டம்பரில் முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய் என்று அபராதம் வந்தபோது, காவலரைக் கண்டால் ஏறவும் கடந்தால் இறங்கவும் அது பழகிக்கொண்டது. இதற்கு முன்பே ஜூனில், கடையை நேரம் கடந்து திறந்துவைத்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் சாத்தான்குளம் காவல் நிலையச் சித்திரவதைக்குப் பின் உயிரிழந்திருந்தார்கள். ஊரடங்கை அமல்படுத்தும் லத்தியைப் பற்றி நகைச்சுவைக் காணொளி பகிர்ந்துகொண்டிருந்தவர்கள் அந்த வாரத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

அச்சத்தின் கொடிய முகமும் இந்த வட்டாரத்திலேயே தெரிந்தது. ஏப்ரல் 13 அன்று கொரோனாவால் இறந்த ஆந்திர மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூர் மின்மயானத்துக்குக் கொண்டுவந்தபோது, அப்பகுதி மக்கள் மறித்தார்கள். உடலை வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு வாரத்துக்குள் கீழ்ப்பாக்கத்திலும் அண்ணா நகரிலும் இன்னொரு மருத்துவரின் அடக்கத்தைக் கல்லெறிந்து தடுத்தார்கள். ஏப்ரல் கடைசியில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது: இறுதிச் சடங்கைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை. எரியும் உடலின் புகையில் கிருமி வரும் என்று நம்பியவர்கள் தீயவர்கள் இல்லை. அன்றைய மாலைச் செய்தி ஒவ்வொரு நாளும் எண்ணிக்கையை மட்டும் சொன்னது; பிணத்திலிருந்து தொற்று எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று தெருவுக்கு வந்து சொன்னவர் யாரும் இல்லை.

பயந்த வீடுகள் தங்களுக்குத் தெரிந்த மருந்தைத் தேடின. 2012 டெங்கு காலத்தில் நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராகக் கொடுத்த அரசு, இப்போது கபசுரக் குடிநீரையும் கொடுத்தது. கட்சிக்காரர், ஆட்டோ சங்கம், நகர்நலச் சங்கம் என எல்லாரும் அண்டா வைத்து ஊற்றினார்கள். கசப்பாக இருந்ததால் வேலை செய்யும் என்று நம்பினார்கள். இது தொற்றைத் தடுத்ததா என்பது வேறு விவாதம். சமூகத்தில் அது செய்த வேலை தெளிவானது: யாரோ ஒருவர் கையில் டம்ளரைக் கொடுத்தார், முகம் பார்த்துப் பேசினார், காசு வாங்கவில்லை.

தடுப்பூசி 2021 ஜனவரி 16 அன்று வந்தது. தமிழகத்தில் 166 மையங்கள், ஒவ்வொன்றிலும் நூறு பேர் என்ற திட்டத்தில் முதல் நாள் போட்டுக்கொண்டவர்கள் ஏறத்தாழ மூவாயிரம் பேர்தான். அவர்கள் எல்லாரும் சுகாதாரப் பணியாளர்கள்; வராமல் தயங்கியவர்களும் அதே துறையினரே. மூன்றாம் கட்ட முடிவு வராத கோவாக்சினுக்குத் தனி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மருத்துவரே கையெழுத்துக்கு யோசிக்கும்போது துப்புரவுப் பணியாளர் யோசிப்பதில் வியப்பில்லை. ஏப்ரல் நடுவில் தமிழகத்தில் வீணான மருந்தின் அளவு 12 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. ஒரு குப்பியைத் திறந்தால் பத்துப் பேருக்குப் போட வேண்டும். பத்துப் பேர் வரவில்லை.

அந்த வாரத்தில்தான் நடிகர் விவேக் சாவு. மக்களுக்குத் தைரியம் சொல்ல ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி விடியற்காலை இறந்தார். இதய நாளத்தில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று, தடுப்பூசியின் பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழுவின் முடிவு வந்தது அக்டோபரில். இடைப்பட்ட ஆறு மாதமும் அந்தச் சாவு ஒவ்வொரு டீக்கடையிலும் தடுப்பூசிக்கு எதிரான சாட்சியாக நின்றது. ஊசிக்குப் பின் நடந்ததெல்லாம் ஊசியால் நடந்தது என்று நினைப்பது மனித இயல்பு. அதை மாற்ற விரைவான, வெளிப்படையான விசாரணை ஒன்றே வழி. ஆறு மாதம் கழித்து வரும் அறிக்கை கோப்புக்குப் பயன்படும்.

ஊசியின் பக்கம் மக்களைத் திருப்பியது பிரசாரம் என்று சொல்வதைவிட மே மாதம் என்று சொல்லலாம். மே 21 அன்று ஒரே நாளில் தமிழகத்தில் 36,184 பேருக்குத் தொற்று. மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றன, ஆக்சிஜன் படுக்கைக்காக இரவெல்லாம் தொலைபேசி. தெருவுக்கு இரண்டு வீட்டில் சாவு நடந்தபோது, கையை நீட்டாதவர்களும் விடியற்காலை நான்கு மணிக்கு டோக்கன் வாங்க நின்றார்கள். அப்போது மருந்து இல்லை. ஜூன் தொடக்கத்தில் மாநிலத்தின் கையிருப்பே தீர்ந்தது. கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடைப்பட்ட காலத்தை மே 13 அன்று 12 முதல் 16 வாரம் என நீட்டியதற்கு அறிவியல் காரணம் சொல்லப்பட்டது. தட்டுப்பாட்டைப் பார்த்த மக்கள் வேறு காரணத்தை நம்பினார்கள். செங்கல்பட்டில் நூற்றுக்கணக்கான கோடி செலவில் கட்டிய தடுப்பூசி வளாகம் ஒரு குப்பிகூடத் தயாரிக்காமல் நின்றதும் அந்த மாதத்தில்தான் பலருக்குத் தெரியவந்தது.

கண்ணால் கண்ட சான்று ஒன்றும் இருந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் சிறப்புக் காவல் படை அணிகள் தங்கும் ஊர்கள். தமிழகக் காவல்துறையினர் 1,17,524 பேரை வைத்துத் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் பார்த்த கணக்கில், ஒரு தவணை ஊசி சாவை 82 விழுக்காடும், இரண்டு தவணை 95 விழுக்காடும் தடுத்தது தெரிந்தது. படித்த வாசகர் இந்த எண்ணைப் பத்திரிகையில் பார்த்தார். குடியிருப்பில் வாழ்பவருக்கு எண் வேண்டியிருக்கவில்லை. நாள் முழுக்கச் சாலையில் நின்ற அடுத்த வீட்டுக் காவலருக்குக் காய்ச்சல் வந்து போனதையும், வீட்டை விட்டு இறங்காத மாமனார் போய்விட்டதையும் அவர் ஒப்பிட்டுக்கொண்டார்.

2021 செப்டம்பர் 12 ஞாயிற்றுக்கிழமை முதல் பெருமுகாம் நடந்தது. நாற்பதாயிரம் இடங்கள், 20 லட்சம் இலக்கு. ஏறத்தாழ 29 லட்சம் பேர் போட்டுக்கொண்டார்கள். ஜனவரியில் மூவாயிரம் பேர் வந்த மாநிலம்தான் இது. இடையில் மாறியது என்னவென்றால், ஊசி மறுபடி தெருவுக்கு வந்துவிட்டது. அங்கன்வாடி, ரேஷன் கடைத் திண்ணை, பள்ளி வராந்தா, பேருந்து நிலையம். பதிவு செய்ய ஆதார் அட்டை போதும், கைப்பேசி தெரிந்திருக்கத் தேவையில்லை. 2008இல் மூடிய கதவு அவசரத்தில் திறந்தது என்றே சொல்லலாம். கூப்பிட வந்தவர் தெரிந்த முகமாக இருந்ததும் முக்கியம். கிராமச் சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் வாசலில் நின்று, ‘அக்கா, உங்க வீட்ல மட்டும்தான் பாக்கி’ என்று சொன்னால் மறுப்பது கடினம். கோவளத்தில் தொண்டு நிறுவனங்கள் பிரியாணியும் பரிசுச் சீட்டும் தங்கக் காசும் வைத்து மீனவக் குப்பத்தை இழுத்த செய்தி ஊடகத்தில் பெரிதாக வந்தது. அது இளைஞர்களுக்கு வேலை செய்தது. மூத்தவர்களை அசைத்தது செவிலியரின் நடைதான்.

அக்டோபரில் சுகாதாரத் துறை ஒரு சின்ன மாற்றம் செய்தது, அது இந்தக் காலத்தின் மனநிலையைப் பற்றிப் பல ஆய்வறிக்கைகளைவிட நன்றாகச் சொல்கிறது. ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்ற நம்பிக்கை பரவியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கறியை யார் விடுவார்கள்? முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். நம்பிக்கை தவறு என்று அமைச்சர் மா. சுப்பிரமணியன் விளக்கவும் செய்தார், ஆனால் விளக்கம் எடுபடும்வரை காத்திருக்கவில்லை. அம்மை வீட்டில் கறி விலக்கிய பழக்கம் ஊசிக்கும் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆச்சரியம், அரசு ஒருமுறை மக்களின் கணக்கைத் தன் நாட்காட்டியில் சேர்த்துக்கொண்டதுதான்.

தயங்கியவர்களின் காரணங்கள் பெரும்பாலும் சிறியவை. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர் ‘மாத்திரையோட ஒத்துக்குமா’ என்று கேட்டார். மாதவிலக்கு நாட்களில் போடலாமா என்று பெண்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள், முகாமில் ஆண் மருத்துவரிடம் கேட்கவில்லை. கைவலியும் காய்ச்சலும் இரண்டு நாள் கூலியைத் தின்னும் என்று கொத்தனார் கணக்குப் போட்டார். ‘வயசாச்சு, எனக்கு எதுக்கு, பிள்ளைங்களுக்குப் போடுங்க’ என்று பாட்டி சொன்னார். நோய் யாரை அதிகம் கொல்லுமோ அவர் தம்மைக் கடைசியில் நிறுத்திக்கொள்வது குடும்பத்தின் அன்றாட வழக்கம், சோறு பரிமாறுவதிலும் அப்படித்தான். இவற்றில் எதுவும் சதிக் கோட்பாடு இல்லை. ஊரில் சதிக் கோட்பாட்டைப் பேசியவர்கள் பலர் சத்தமில்லாமல் இரண்டு தவணையும் முடித்திருந்தார்கள் என்பதும் உண்டு.

ஆண்டு முடியும் தருணத்தில் வேண்டுகோள் கட்டாயமாக மாறத் தொடங்கியது. நீலகிரியில் செப்டம்பரிலேயே மதுக்கடையில் சான்றிதழ் கேட்டார்கள். டிசம்பரில் மதுரை மாவட்ட நிர்வாகம், ஊசி போடாதவர்களுக்குப் பொது இடங்களில் அனுமதியில்லை என்றது. 2022 ஜனவரி 10 முதல் சென்னைப் புறநகர் ரயிலில் இரண்டு தவணை போட்டவர்களுக்கே பயணச்சீட்டு. ஆவடி நிலையத்தில் வேலைக்கு ஓடுபவர்கள் கைப்பேசியில் சான்றிதழைத் தேடிக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் தவணைக்கு அடுத்த முகாமில் கூட்டம் வந்தது; விளைவை மட்டும் பார்ப்பவருக்கு இது வெற்றி. போடாமலே போட்டதாகக் குறுஞ்செய்தி வந்தவர்களும் இருந்தார்கள், அவர்களின் சான்றிதழும் அதே ரயிலில் செல்லுபடியானது.

இத்தகைய கட்டாயங்களை எதிர்த்துக் குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் தமிழக அரசின் ஆணையும் இடம்பெற்றிருந்தது. 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாரையும் ஊசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது, உடல்மீதான உரிமை அடிப்படை உரிமையின் பகுதி. தடுப்பூசிக் கொள்கை நியாயமற்றது என்று சொல்ல முடியாது. தொற்று குறைந்திருக்கும் நிலையில் போடாதவர்களுக்கு மட்டும் தடை விதிப்பது அளவுக்கு மீறியது. ஊசிக்குப் பின்வரும் பாதிப்புகளை மக்களும் தனி மருத்துவர்களும் நேரடியாகப் பதியவும், பிறர் பார்க்கவும் வழி வேண்டும். கடைசிக் கூறு அதிகம் பேசப்படவில்லை. 2008இலும் 2021 ஏப்ரலிலும் இந்த மாநிலத்துக்கு வேண்டியிருந்தது அதுதான்.

தீர்ப்பு வந்தபோது சந்தையும் கல்யாண மண்டபமும் பழையபடி நிறைந்திருந்தன. ஜூலை 15 முதல் 75 நாட்களுக்கு முன்னெச்சரிக்கைத் தவணை எனப்பட்ட மூன்றாம் ஊசி இலவசம் என்று அறிவித்தும் முகாம்கள் காற்றாடின. யாரும் எதிர்க்கவில்லை, வாட்ஸப்பில் குரல்பதிவும் வரவில்லை. அச்சம் போனதும் தேவையும் போனது. 2024 ஏப்ரல் கடைசியில், இங்கிலாந்து வழக்கொன்றில் அஸ்ட்ராசெனகா நிறுவனம் தன் ஊசி மிக அரிதாக ரத்த உறைவை உண்டாக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்ட செய்தி தமிழ்த் தொலைக்காட்சிகளில் ஓடியபோது, அந்த ஊசியின் இந்தியப் பெயரான கோவிஷீல்டைப் போட்டு மூன்றாண்டு கடந்தவர்கள் மருத்துவரிடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பாதிப்பு வந்தால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரும் என்பதும், ஐரோப்பிய நாடுகள் 2021 மார்ச், ஏப்ரலிலேயே அதை அறிவித்து வயது வரம்பு வைத்தன என்பதும் அவர்களுக்கு முதல்முறையாகச் சொல்லப்பட்டது. ஊசி போட்ட நாளில் அரை மணி நேரம் நாற்காலியில் உட்காரவைத்தபோது அதைச் சொல்ல நேரம் இருந்தது.